சிசேரியன் தழும்பில் கட்டி இருக்கா? ‘தழும்பு நீக்கும் பேக்கேஜ்’ பக்கம் போகாதீர்கள்

42,000 ரூபாய். தொகையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நேற்று சாயங்காலம், நான் பணம் கட்டி ஏமாந்த அழகு சிகிச்சை மையத்தின் ரிசப்ஷனில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே, “அமௌன்ட் ஒண்ணும் பெருசு இல்லையே மேம், இதுக்குப் போய் சத்தம் போடுறீங்க” என்றாள். வயிறு எரிகிறது.

எனக்கு இரண்டாவது பிரசவம் சிசேரியன். அது முடிந்து இரண்டு வருடம் போல ஆனபிறகு தழும்பின் இடது ஓரத்தில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி வந்தது. பீரியட்ஸ் நாட்களில் அது வீங்கி, மேல் தோல் லேசாக நீலம் பாரித்துவிடும். புடவைக் கொசுவம் பட்டாலே உயிர் போகும். பீரியட்ஸ் முடிந்தால் வலி அடங்கிவிடும். வீட்டில் எல்லோரும் தையல் நூல் கட்டி என்றார்கள்.

அப்புறம்தான் போனில் அந்த விளம்பரம். தோல், முடி, லேசர் என்று பெரிய போர்டு வைத்த அழகு சிகிச்சை மையம். ஏசி அறை, வெள்ளைக் கோட்டு போட்ட பெண். கதவைச் சாத்திவிட்டுத் தண்ணீர் கொடுத்தாள். “எனக்கும் சிசேரியன்தான் மேம், உங்க கஷ்டம் எனக்குத் தெரியும்” என்றாள். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் 42,000 ரூபாய். தழும்பை ஒருமுறை விரலால் தடவிப் பார்த்து, இது கெலாய்டு, அதாவது தடித்து வளர்ந்த தழும்பு, ஊசியும் லேசரும் சேர்த்துக் கொடுத்தால் தட்டையாகிவிடும் என்றாள். பீரியட்ஸ் நேரத்தில்தான் வலிக்கிறது என்று நான் வாய்விட்டுச் சொன்னேன். “அது ஹார்மோன் மேம், எல்லாத் தழும்பும் அப்படித்தான்.” ஸ்கேன் என்ற பேச்சே இல்லை. அன்றைக்கே கட்டினால் 60,000 ரூபாய் பேக்கேஜ் 42,000-க்கு என்றாள், யு.பி.ஐ.யில் அனுப்பினேன். அவள் டாக்டரே இல்லை, ‘கவுன்சிலர்’ என்பது பிறகு தெரிந்தது.

ஸ்டீராய்டு ஊசி போட்ட இடத்தில் தோல் வெளுத்துக் குழிந்துபோனது. கட்டி அப்படியே இருந்தது, வலி மட்டும் கூடியது.

கடைசியில் அரசு ஆஸ்பத்திரி சர்ஜரி ஓ.பி.க்குப் போனேன். அந்த டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, “வலி எந்தத் தேதியில வருது, பீரியட்ஸ் எந்தத் தேதியில வருது?” இரண்டும் ஒன்றே. ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, இது தழும்பில் வரும் எண்டோமெட்ரியோசிஸாகத்தான் இருக்கும் என்றார். சிசேரியன் செய்யும்போது கர்ப்பப்பையின் உள்சவ்வுத் துணுக்குகள் வெட்டுக்காயத்தில் ஒட்டி அங்கேயே வளர்ந்துவிடுமாம். மாதாமாதம் கர்ப்பப்பைக்குள் நடப்பது அந்தக் கட்டிக்குள்ளும் நடக்கும். அதனால்தான் அந்த வீக்கமும் வலியும். அரிதாக வருவது என்பதால் நூல் கட்டி, குடலிறக்கம், சீழ்க்கட்டி என்று டாக்டர்களே தடுமாறுவதும் உண்டாம். சரி, டாக்டர்கள் தடுமாறலாம். டாக்டரே இல்லாத ஒருத்தி எந்தத் தைரியத்தில் 42,000 வாங்கினாள்?

ஹார்மோன் மாத்திரை சாப்பிடும்வரை வலி குறையும், நிறுத்தினால் பெரும்பாலும் திரும்ப வரும். ஆபரேஷன்தான் வழி. கட்டியோடு சுற்றிலும் சுமார் ஒரு சென்டிமீட்டர் நல்ல திசுவையும் சேர்த்து எடுக்க வேண்டும், மிச்சம் வைத்தால் மறுபடி வளரும். வயிற்றுத் தசையின் உறை வரை போயிருந்தால் மெஷ் என்ற வலைத்துணி வைத்துத் தைக்க வேண்டியிருக்கும். எடுத்த கட்டியைப் பயாப்ஸிக்கு அனுப்பித்தான் உறுதி செய்வார்கள். புற்றுநோயாக மாறுவது மிக மிக அரிது என்று அவர் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு அந்த மையத்துக்குப் போனால் மேனேஜர் லீவு. போன் செய்தால் “ஹெட் ஆபீஸுக்கு மெயில் போடுங்க மேம்”. மெயில் போட்டால் டிக்கெட் நம்பர் வருகிறது, பதில் வருவதில்லை. நேற்று நேரில் போய் உட்கார்ந்துவிட்டேன். ரீஃபண்ட் பாலிசியே கிடையாதாம், வேண்டுமானால் மீதி சிட்டிங்கை என் தங்கைக்கு முடி நீக்கும் லேசராக மாற்றித் தருவார்களாம்! என் 42,000 ரூபாய்க்குத் தங்கை கையில் முடி எடுக்கிறார்களாம். பில் கேட்டால் விசிட்டிங் கார்டின் பின்பக்கத்தில் பேனாவால் தொகையை எழுதி நீட்டினாள்.

என்ன செய்யலாம் என்று விவரமாக எழுத நினைத்தேன், கை நடுங்குகிறது. சுருக்கமாகச் சொல்கிறேன். ஆபரேஷன் தழும்பில் கட்டி வந்து அது பீரியட்ஸோடு சேர்ந்து வலித்தால் நேராக மகப்பேறு டாக்டரிடமோ சர்ஜனிடமோ போங்கள், வலி வரும் தேதிகளைக் காலண்டரில் குறித்து எடுத்துப் போங்கள். ஸ்கேன் இல்லாமல் ஊசி போட விடாதீர்கள். ‘இன்னைக்கே கட்டினா’ என்றால் எழுந்து வந்துவிடுங்கள். பில் வாங்காமல் பணம் அனுப்பாதீர்கள். பணம் போய்விட்டால் நுகர்வோர் உதவி எண் 1915. நான் இன்று காலை புகார் கொடுத்துவிட்டேன்.

மையத்தின் பெயரைக் கேட்டு இன்பாக்ஸ் வராதீர்கள், புகார் முடியும்வரை சொல்ல மாட்டேன்.