பூட்லோடர் திறந்து ரூட் செய்து தருகிறேன் என்று காசு கேட்பவர்களிடம் போனைக் கொடுக்காதீர்கள்

முழுவதும் படிக்க நேரமில்லாதவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பூட்லோடர் என்பது போனை ஆன் செய்ததும் முதலில் ஓடி, எந்த மென்பொருள் ஓடலாம் என்று முடிவு செய்யும் நிரல்; ரூட் என்பது போனின் சிஸ்டத்தின் மேல் நமக்குக் கிடைக்கும் முழு அதிகாரம். பூட்லோடரைத் திறக்கத் தயாரிப்பாளரே வழி கொடுத்திருக்கும் போன்களில், பிக்சலோ மோட்டோரோலாவோ ஷியோமியோ எதுவானாலும், அது இலவசம். அதற்குத் தேவையான கருவியும் இலவசம், ரூட் செய்யப் பயன்படும் மேஜிஸ்க்கும் இலவசம். "ரிமோட்டில் அன்லாக், ரூட், பேங்க் ஆப் ஓட கேரண்டி" என்று குழுக்களில் விளம்பரம் போட்டுக் காசு கேட்கிற ஆட்களில் ஒருவரிடம் நான் மாட்டினேன். பணம் போனது பெரிய விஷயமில்லை. என் போன் கொஞ்ச நாள் என்னுடையதாகவே இல்லை, அதுதான் விஷயம்.

என்னிடம் இருந்தது ஷியோமியின் ஒரு பழைய ரெட்மி போன். கம்பெனி அப்டேட் கொடுப்பதை எப்போதோ நிறுத்திவிட்டது, ஆனால் திரை, பேட்டரி, கேமரா எல்லாம் நன்றாகவே இருந்தது. லினேஜ்ஓஎஸ் (ஆண்ட்ராய்டை அடிப்படையாகக் கொண்ட இலவச மாற்று இயங்குதளம்) போட்டுக்கொண்டால் இன்னும் சில வருடம் ஓட்டலாம் என்று நினைத்தேன், இப்போதும் அது சரியான நினைப்புதான் என்பேன். பூட்லோடரைத் திறக்க, கம்பெனியின் மி அன்லாக் கருவியை இறக்கினேன், போனை ஃபாஸ்ட்பூட்டில் (கணினியிலிருந்து மென்பொருள் ஏற்றுவதற்கான நிலை) வைத்தேன், கணினி போனைக் கண்டுகொள்ளவே இல்லை. கேபிளை மாற்றினேன், டிரைவரை மாற்றினேன், போன் திரையில் "பிரஸ் எனி கீ டு ஷட் டவுன்" என்று சின்ன எழுத்தில் வந்து நின்றதுதான் மிச்சம். (ரைசன் ப்ராசசர் உள்ள கணினிகளிலும் யூஎஸ்பி 3 போர்ட்டுகளிலும் இது அடிக்கடி வருகிற தொல்லை, நடுவில் ஒரு பழைய யூஎஸ்பி 2.0 ஹப்பைச் செருகினால் பெரும்பாலும் சரியாகிவிடும், இதே நிலையில் இருப்பவர்கள் முதலில் அதைச் செய்து பாருங்கள்.) உதவி கேட்டு ஒரு குழுவில் எழுதியதும், தனி மெசேஜில் அவர் வந்தார்.

நல்லபடியாகத்தான் பேசினார். செய்த வேலைகளின் ஸ்கிரீன்ஷாட்டுகள், "தேங்க்ஸ் ப்ரோ" என்று பலர் எழுதியது எல்லாம் அனுப்பினார். பணம் முன்கூட்டியே. யூஎஸ்பி ரீடைரக்டர் என்ற மென்பொருளைப் போடச் சொன்னார். அதைப் போட்டால் நம் கணினியில் செருகிய போன் அவருடைய கணினியில் செருகியதாகவே அவருக்குத் தெரியும். அப்புறம் ஒன்று சொன்னார், இந்தப் பதிவே அதற்காகத்தான்: "உங்க மி அக்கவுண்ட்ல பண்ணா ஒரு வாரம் வெயிட் பண்ணணும் ப்ரோ, என் அக்கவுண்ட்ல லாகின் பண்ணுங்க, எனக்கு வெயிட்டிங் கிடையாது."

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. என்னுடையதைப் போன்ற பழைய ஷியோமி போன்களில் டெவலப்பர் ஆப்ஷனுக்குள் போய் நம் மி கணக்கை, அதாவது ஷியோமி கணக்கை, போனுடன் இணைக்க வேண்டும், இணைத்த பிறகு பெரும்பாலும் 168 மணி நேரம், அதாவது ஒரு வாரம், காத்திருக்கச் சொல்லும். அவர் கொடுத்த கணக்கில் நுழைந்து போனை இணைத்தேன். உடனே திறந்ததா என்றால் இல்லை. "சர்வர்ல கூட்டம்", "இன்னைக்கு நைட்", "நாளைக்குக் காலைல கண்டிப்பா" என்று இழுத்து, சரியாக அந்த 168 மணி நேரம் முடிந்த பிறகுதான் திறந்தார். அதாவது நான் சும்மா உட்கார்ந்து காத்திருந்தால் இலவசமாகக் கிடைத்திருக்கும் அதே அனுமதி, அதே காத்திருப்பு. ஒரே வித்தியாசம், அனுமதி இப்போது அவருடைய கணக்கின் பெயரில் இருந்தது.

அதன் அர்த்தம் என்ன என்று புரிந்துகொள்ளுங்கள். அந்த போனின் பூட்லோடரைத் திறக்கும் உரிமை அவருடைய கணக்குக்கு. ஃபைண்ட் டிவைஸ் வழியாகப் போன் எங்கே இருக்கிறது என்று பார்ப்பதும், தூரத்திலிருந்தே பூட்டுவதும் அவருடைய கணக்குக்கு. நாளைக்கே கம்பெனியின் ஒரிஜினல் மென்பொருளை மறுபடி ஏற்றினால், முதல் திரையிலேயே அவருடைய கடவுச்சொல்லைக் கேட்கும். பூட்டுத் திறக்க வந்தவர் சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டு போன கதைதான்.

பிறகு அவரே ஒரு ரோமையும் (போனின் முழு இயங்குதள மென்பொருள்) ஏற்றி ரூட்டும் செய்து கொடுத்தார். லினேஜ்ஓஎஸ் லோகோவோடு எழுந்து வந்தது. உள்ளதைச் சொல்ல வேண்டும் என்றால், முதலில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். புது ஆண்ட்ராய்டு, வேகமாக ஓடுகிறது. ஆட்அவே என்ற விளம்பரத் தடுப்பு ஆப்பைப் போட்டதும் ஆப்களுக்குள் வரும் விளம்பரங்களில் பெரும்பகுதி நின்றுபோனது, சார்ஜ் 80 சதவீதத்தில் தானாக நிற்கும்படி வைத்தேன், ஆப்களை அவற்றின் டேட்டாவோடு சேர்த்து பேக்கப் எடுக்க முடிந்தது. ரூட் என்பதே ஏமாற்று வேலை என்று நான் சொல்ல வரவில்லை. காசு கொடுத்து வாங்கிய பொருளின் மேல் நமக்கு முழு அதிகாரம் வேண்டும் என்று நினைப்பதில் எந்தத் தப்பும் இல்லை. அந்த அதிகாரம் யார் கையில் போய்ச் சேருகிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

கொஞ்ச நாளில் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. ஓடிபி வந்தால் மேலே அறிவிப்பு ஒரு கணம் எட்டிப் பார்த்துவிட்டு மறைந்துவிடும். மெசேஜைத் திறந்து பார்த்தால், நான் தொடாமலேயே படித்ததாக மாறியிருக்கும். முதலில் ரோமில் ஏதோ பிழை என்றுதான் நினைத்தேன். அப்புறம் என் மின்னஞ்சலுக்கு, தெரியாத இடத்திலிருந்து யாரோ உள்ளே நுழைய முயன்றதாக எச்சரிக்கை வந்தது. உட்கார்ந்து தேடினேன். ஆப் பட்டியலில் "சிஸ்டம் ஆப்களையும் காட்டு" என்பதை அழுத்தினால், ஐகானே இல்லாமல், சிஸ்டத்தின் ஒரு பகுதி மாதிரி பெயர் வைத்துக்கொண்டு ஒன்று இருந்தது. அதற்கு எஸ்எம்எஸ் அனுமதி, அறிவிப்புகளைப் படிக்கும் அனுமதி இரண்டும் இருந்தன, நான் கொடுக்கவில்லை. மேஜிஸ்கில் ரூட் அனுமதி வாங்கிய ஆப்களின் பட்டியலில் அதன் பெயரே இல்லை. ஏனென்றால் அதற்கு ரூட் தேவையே இல்லை, அது ரோமுக்குள்ளேயே வைத்துத் தரப்பட்டிருந்தது. ஃபேக்டரி ரீசெட் செய்தாலும் போகாது.

இன்னொன்றும் பார்த்தேன். ஏடிபியில் (கணினியிலிருந்து போனுக்குக் கட்டளை அனுப்பும் கருவி) போனின் பில்ட் விவரங்களை எடுத்தால், டேக்ஸ் என்ற இடத்தில் "டெஸ்ட் கீஸ்" என்று இருந்தது. மென்பொருளுக்கு டிஜிட்டல் கையெழுத்திட, ஆண்ட்ராய்டு மூலக் குறியீட்டோடு சேர்ந்தே வருகிற சோதனைச் சாவிகள் அவை, உலகத்தில் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். அவற்றைக் கொண்டு கையெழுத்திட்ட ரோமில், அதே சாவியால் கையெழுத்திட்ட எந்த ஆப்பையும் போன் தன் சொந்த உறுப்பாக ஏற்றுக்கொள்ளும். பொழுதுபோக்குக்காகச் செய்கிறவர்கள் வெளியிடும் சில ரோம்களிலும் இது இருக்கும், அதனால் இதை மட்டும் வைத்துத் திருட்டு என்று சொல்லிவிட முடியாது. ஆனால் லினேஜ்ஓஎஸ்ஸின் அதிகாரப்பூர்வ வெளியீட்டில் இது இருக்காது. எனக்கு ஏற்றியது அவர்களுடையது இல்லை, லோகோ மட்டும்தான் அவர்களுடையது. சிஸ்டத்துக்குள்ளேயே மால்வேரை வைத்து அனுப்புவது புதிய தந்திரமும் இல்லை. ட்ரையடா என்ற மால்வேர் சில போன்கள் விற்பனைக்கு வரும் முன்பே அவற்றின் சிஸ்டத்தில் நுழைக்கப்பட்டிருந்ததை 2019-இல் கூகுளே உறுதிப்படுத்தியது.

ஸ்கிரீன்ஷாட் எடுத்து அவருக்கே அனுப்பி, உங்கள் கணக்கை என் போனிலிருந்து விடுவியுங்கள் என்று கேட்டேன். அதற்குப் போனை இணைக்க வேண்டும் என்றார். பொய். தன் கணக்கில் நுழைந்து அந்த போனை நீக்கினாலே போதும். இணைத்ததும் அவர் செய்தது என்ன தெரியுமா? பூட்லோடரைத் திரும்பப் பூட்டிவிட்டார். போன் அணைந்து எழுந்தது, கறுப்புத் திரையில் "தி சிஸ்டம் ஹேஸ் பீன் டெஸ்ட்ராய்டு" என்ற வரி. அவ்வளவுதான். பூட்டிய பூட்லோடர், கம்பெனியின் கையெழுத்து உள்ள மென்பொருளை மட்டும்தான் ஓட விடும்; உள்ளே இருந்ததோ வேறு ரோம், அதனால் எழவே இல்லை. ஃபாஸ்ட்பூட் வழியாக ஒரிஜினலை ஏற்றலாம் என்றால் பூட்டு அதையும் தடுக்கிறது. மறுபடி திறக்கலாம் என்றால் திறக்கும் உரிமை அவருடைய கணக்குக்கு. ஒன்றோடொன்று பின்னிய மூன்று கதவு, மூன்றும் அவர் கையில்.

அடுத்த மெசேஜ் உடனே வந்தது: "இடிஎல்ல போட்டு ரெடி பண்ணலாம் ப்ரோ, ஆத்தரைஸ்டு அக்கவுண்ட் வேணும், அதுக்குத் தனி சார்ஜ்." முதலில் வாங்கியதைப் போல இரண்டு மடங்கு கேட்டார். இடிஎல் என்பது குவால்காம் சிப் உள்ள போன்களின் அவசர வழி, கணினியில் 9008 என்ற எண்ணோடு தெரியும். ஷியோமி போன்களில் அதன் வழியாக மென்பொருள் ஏற்ற, கம்பெனி அனுமதித்த கணக்கு வேண்டும், அந்தக் கணக்குகளைத்தான் இவர்கள் வாடகைக்கு விடுகிறார்கள். நான் கொடுக்கவில்லை. தயாரிப்பாளரின் சர்வீஸ் சென்டரில் கொடுத்து ஒரிஜினல் மென்பொருளை ஏற்றச் செய்தேன், எதிர்பார்த்தபடியே அவருடைய கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டுப் போன் நின்றது. போன் வாங்கிய பில் என்னிடம் இருந்ததால் அதைக் காட்டி, கம்பெனி மூலமாக அந்தக் கணக்கை நீக்க முடிந்தது. பில் இல்லாமல் இந்த நிலையில் மாட்டியவர்களை நினைத்தால் வயிறு கலங்குகிறது.

இந்த மாதிரி ஆட்கள் சொல்லும் மற்ற பொய்களையும் சொல்லிவிடுகிறேன். ஐஎம்இஐ எண்ணை மட்டும் கொடுங்கள், பூட்லோடரைத் திறக்கிறேன் என்பார்கள். பெரும்பாலும் ஐஎம்இஐ கேட்பது வேறு நெட்வொர்க் சிம் போடுவதற்கான பூட்டை நீக்க; அது தனி, திரைப் பூட்டு தனி, ரீசெட் செய்த பிறகு பழைய கூகுள் கணக்கைக் கேட்கும் எஃப்ஆர்பி தனி, பூட்லோடர் தனி. எல்லாவற்றையும் "அன்லாக்" என்ற ஒரே சொல்லில் போட்டுக் குழப்புவதில்தான் பாதி வியாபாரமே நடக்கிறது. ஹுவாவே 2018-இலேயே அன்லாக் கோடு கொடுப்பதை நிறுத்திவிட்டது, இன்னும் "அஃபிஷியல் கோடு" என்று விற்கிறார்கள். சாம்சங்கில் நாக்ஸ் (கம்பெனியுடையது அல்லாத மென்பொருள் ஏற்றப்பட்டதைக் குறித்து வைக்கும் பாதுகாப்பு அமைப்பு) ட்ரிப் ஆனதைப் பழையபடி மாற்றித் தருகிறேன் என்பார்கள். அது மென்பொருள் இல்லை, சிப்புக்குள் எரிந்துபோகும் ஃப்யூஸ், ஒரு தடவை 0-விலிருந்து 1 ஆனால் ஆனதுதான், சாம்சங் வாலட் (பழைய சாம்சங் பே), செக்யூர் ஃபோல்டர் போன்றவை அந்த போனில் திரும்ப வராது.

பேங்க் ஆப் கேரண்டி என்பது இருப்பதிலேயே பெரிய பொய். அந்த ஆப்களில் பல ப்ளே இன்டெக்ரிட்டி என்ற கூகுளின் சோதனை மூலமாக, பூட்லோடர் திறந்திருக்கிறதா என்று வன்பொருள் அளவிலேயே கேட்கின்றன. அதை ஏமாற்ற, கசிந்த கீபாக்ஸ் கோப்புகளை (போன் நம்பகமானது என்று சான்று காட்டும் சாவிகள்) போட்டு ஓட்டுகிறார்கள், கூகுள் அவற்றைக் கண்டுபிடித்து ரத்து செய்துகொண்டே இருக்கிறது. இன்று ஓடும், அடுத்த வாரம் ஓடாது, மறுபடி காசு. சில போன்களில் பூட்லோடர் திறந்ததுமே வைட்வைன் (படங்களை நகலெடுக்க விடாமல் காக்கும் அமைப்பு) எல்1-இலிருந்து எல்3-க்கு இறங்கிவிடும், காசு கட்டிப் பார்க்கும் படம் எச்டியில் ஓடாது. இதை எந்த விற்பனையாளரும் முன்னாடியே சொல்லி நான் பார்த்ததில்லை.

தேவையில்லாத ஆப்களை நீக்குவதுதான் நோக்கம் என்றால் ரூட்டே வேண்டாம், ஏடிபி போதும், டேட்டா அழியாது, பூட்லோடரைத் தொடவும் வேண்டாம். ரூட்தான் வேண்டும் என்றால் மேஜிஸ்கை அதை உருவாக்கியவரின் கிட்ஹப் பக்கத்திலிருந்து மட்டும் எடுங்கள், அதே பெயரில் இருக்கும் மற்ற தளங்கள் அவருடையவை அல்ல. பூட் கோப்பை உங்கள் போனில் இப்போது ஓடும் அதே பதிப்பிலிருந்து நீங்களே எடுத்து மேஜிஸ்கில் பேட்ச் செய்யுங்கள். ஆண்ட்ராய்டு 13-ஓடு வெளிவந்த போன் என்றால் பூட் கோப்புக்குப் பதில் பெரும்பாலும் இனிட்_பூட் கோப்பு. இஎஃப்எஸ் பகுதியைப் பேக்கப் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அது போனால் ஐஎம்இஐ போய்விடும், சிக்னலே இருக்காது.

ஏற்கெனவே யாரிடமாவது கொடுத்துவிட்டீர்கள் என்றால், முதல் வேலை வேறொரு கருவியிலிருந்து எல்லாக் கடவுச்சொல்லையும் மாற்றுங்கள், மற்ற இடங்களில் திறந்திருக்கும் லாகின்களை மூடுங்கள், வங்கிக்குச் சொல்லுங்கள், சிம்மை அந்த போனிலிருந்து எடுத்துவிடுங்கள். அவர் என்ன சொன்னாலும் போனைத் திரும்ப இணைக்காதீர்கள். பூட்லோடர் இன்னும் திறந்துதான் இருக்கிறது என்றால் பிழைத்தீர்கள். உங்கள் மாடலுக்கும் பகுதிக்கும் உரிய ஒரிஜினல் ஃபாஸ்ட்பூட் ரோமை நீங்களே ஏற்றலாம். இப்போது இருக்கும் ஆன்டி ரோல்பேக் (பழைய பதிப்புக்குத் திரும்புவதைத் தடுக்கும்) எண்ணுக்குக் குறைவான பழைய பதிப்பை ஏற்றாதீர்கள், போன் செத்துவிடும். மி ஃப்ளாஷ் கருவியைப் பயன்படுத்தினால் ஜன்னலின் கீழ் வரிசையைக் கவனியுங்கள், "கிளீன் ஆல் அண்ட் லாக்" என்பதுதான் தானாகத் தேர்வாகி இருக்கும். அதை "கிளீன் ஆல்" என்று மாற்றிவிட்டு, அப்புறம் ஃப்ளாஷ் பட்டனை அழுத்துங்கள்.