கனடாவில் திகதி: மூன்று முறையில் எதைப் பிடிப்பது?

ரொறொன்ரோவில் ஒரு பில்லில் 04/05/2024 என்று இருந்தால் அது ஏப்ரல் 5ஆ, மே 4ஆ என்று எழுதியவரைத்தான் கேட்க வேண்டும். அமெரிக்கப் பழக்கத்தில் மாதத்தை முன்னுக்குப் போடுகிறவர்கள் உண்டு. பிரித்தானிய, பிரெஞ்சு வழியில் நாளை முன்னுக்குப் போடுகிறவர்களும் உண்டு. மத்திய அரசு பரிந்துரைப்பதோ 2024-05-04 என்று ஆண்டில் தொடங்கும் முறை. பேஸ்மென்ட் வாடகைக் கணக்குக்கு நான் இந்த மூன்றாவதைப் பிடித்துக்கொண்டேன்.

நாள் முதலில் வருவது ஊரில் பள்ளிக்கூடக் கொப்பியிலேயே கைக்கு வந்த பழக்கம். மாதம் முதலில் வருவது இங்கே ஆங்கிலத்தில் பேசும் ஒழுங்கு. தனித்தனியே இரண்டும் சரிதான், ஒரே தெருவில் புழங்குவதுதான் வில்லங்கம். நாள் 12க்குள் இருந்தால் இரண்டு விதமாகவும் வாசிக்கலாம். 1/1, 2/2 போன்றவற்றைக் கழித்தாலும் வருடத்தில் 132 நாட்கள் இப்படி இரட்டை முகத்தோடு நிற்கும்.

எழுதின அன்றைக்கு இது பெரிதாகத் தெரியாது. ஆனால் வரித்துறை, அந்த வரி ஆண்டு முடிந்து 6 வருடங்களுக்கு ஆதாரங்களை வைத்திருக்கச் சொல்கிறது. வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸைத் திருத்தின பில் ஏப்ரலிலா மே மாதத்திலா என்பது அத்தனை வருடம் கழித்து யாருக்கு நினைவிருக்கும்? ஸ்கான் பண்ணிக் கணினியில் போட்டால் இன்னும் மோசம். கோப்பின் பெயரில் மாதம் முதலில் வந்தால் எல்லா வருடத்து ஜனவரியும் ஒன்றாகக் குவியும். நாள் முதலில் வந்தால் எல்லா மாதத்து முதலாம் திகதிகளும் ஒரே இடத்தில் நிற்கும். 2021-11-03 என்று தொடங்கினால் பெயர்வரிசையே கால வரிசை. நான் ஒன்றும் அடுக்க வேண்டியதில்லை. ஆண்டு, நாள், மாதம் என்று இங்கே யாரும் எழுதுவதில்லை என்பதால் பின்னால் வரும் இரண்டு எண்களும் குழப்பாது.

காசோலையில் நம் விருப்பம் செல்லாது. திகதிப் பெட்டிகளுக்குக் கீழே எது நாள், எது மாதம் என்று சின்ன எழுத்தில் அச்சிட்டிருக்கும், அதைப் பார்த்து நிரப்ப வேண்டியதுதான். உணவுப் பொதிகளில் ஆண்டு, மாதம், நாள் என்ற ஒழுங்குதான். மாதத்துக்கு மட்டும் ஆங்கிலம், பிரெஞ்சு இரண்டுக்கும் பொதுவான இரண்டெழுத்துக் குறி. எம்ஆர் என்றால் மார்ச், எம்ஏ என்றால் மே. பால் வாங்கும்போது கொஞ்சம் உற்றுப் பார்க்கத்தான் வேண்டும்.

நேரம் அவ்வளவு தொல்லையில்லை. ஆங்கிலப் பக்கம் 12 மணிக் கணக்கு, கியூபெக்கில் 14 h 30 என்ற மாதிரி 24 மணிக் கணக்கு. பார்த்தவுடனே விளங்கிவிடும்.

பல பேர் கைவைக்கும் கடைக் கணக்குக்கு இந்த முறை ஒத்துவருமா என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. என்னுடையது ஒரு வீட்டுக் கணக்கு. குடியிருப்பவருக்குக் கொடுக்கும் வாடகைச் சீட்டில் மட்டும், அவர் எந்தப் பழக்கத்தில் வந்தவரோ என்று, மாதத்தைப் பெயராகவே எழுதிவிடுகிறேன்.