காலாட்டும் பிள்ளைக்கு எது உதவும்: அதட்டலா, ஸ்பின்னரா, மாற்றுப் பழக்கமா?

ஒரே வாங்கில் ஐந்து பேர் நெருங்கி இருக்கும் ரியூசன் வகுப்பில் ஒருவர் காலாட்டினால் ஐந்து கொப்பிகளிலும் எழுத்து ஆடும். திருகோணமலையில் சாதாரண தரப் பரீட்சையும் உயர்தரமும் நெருங்க நெருங்க, பெற்றோர் என்னிடம் கேட்பது பாடத்தைப் பற்றி மட்டும் அல்ல. "ஒரு இடத்தில இருக்கிறானில்லை ரீச்சர், பேனையத் தட்டிக்கொண்டே இருக்கிறான். இவள் நகத்தைக் கடிச்சே முடிக்கிறாள். என்ன செய்யிறது?" என்று கேட்கிறார்கள். அதட்டி நிறுத்துவது, கையில் ஒரு விளையாட்டுப் பொருளைக் கொடுப்பது, வேறொரு செயலைப் பழக்குவது, எழுந்து நடக்க விடுவது என்று வழிகள் பல. நகத்துக்கு மூன்றாவதும் காலுக்கு நான்காவதும் நல்லவை என்பது என் முடிவு. அதட்டலை நான் கடைசியில்தான் வைப்பேன்.

"காலாட்டாதே, வீட்டுக்கு ஆகாது" என்று அம்மம்மாமார் சொல்வதைக் கேட்டு வளர்ந்தவர்கள்தான் நாங்கள் எல்லோரும். சொன்னதும் கால் நிற்கும். ஆனால் அதற்குப் பிறகு பிள்ளையின் மனம் கணக்கில் இருக்காது, காலில் இருக்கும். 2015இல் அமெரிக்காவில் 8 முதல் 12 வயதுப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வு ஒன்று இதற்கு இன்னொரு பக்கத்தைக் காட்டியது. ஏடிஎச்டி, அதாவது கவனம் நிலைக்காமலும் ஓரிடத்தில் அமைதியாக இருக்க முடியாமலும் போகும் பிரச்சினை, உள்ள பிள்ளைகள் கூடுதலாக அசைந்தபோது மனதில் எழுத்தையும் எண்ணையும் வைத்து வரிசைப்படுத்தும் வேலையை நன்றாகச் செய்தார்கள். அந்தப் பிரச்சினை இல்லாத பிள்ளைகளுக்கோ அசைவு கூடியபோது அதே வேலை பிசகியது. ஆகவே ஒரு பிள்ளைக்கு உதவும் அதே அசைவு, பக்கத்தில் இருக்கும் பிள்ளைக்கு உதவாமல் போகலாம். வகுப்பு முழுவதற்கும் "ஆடாமல் இரு" என்று ஒரே சட்டம் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

விளையாட்டுப் பொருள் என்றால் 2017இல் உலகமெங்கும் சுழன்ற ஸ்பின்னர், விரலிடையே பிடித்துச் சுழற்றும் அந்தச் சிறு சக்கரம், நினைவுக்கு வரும். கவனத்தைக் கூட்டும் என்று சொல்லித்தான் விற்றார்கள். ஏடிஎச்டி உள்ள சிறுபிள்ளைகளிடம் பார்த்தபோது, அதை வைத்திருக்கையில் பாடத்தில் கவனம் குறைந்தது. காரணம் எளிது: அது கண்ணை இழுக்கிறது. கைக்கு ஏதாவது கொடுப்பதென்றால் கண்ணைக் கேட்காத பொருளாக இருக்க வேண்டும். ஜெபமாலையோ தஸ்பீஹோ உருட்டும் விரல்களைப் பாருங்கள், கண் மூடியிருந்தாலும் அவை நகரும். கடற்கரையில் பொறுக்கிய வழுவழுப்பான சோகி ஒன்று காற்சட்டைப் பைக்குள் இருந்தால் போதும், காசும் இல்லை, சத்தமும் இல்லை. கொப்பி ஓரத்தில் கட்டம் நிரப்பிக் கிறுக்குவதையும் நான் தடுப்பதில்லை. 2009இல் வெளிவந்த ஆய்வொன்றில் 40 பேருக்குச் சலிப்பூட்டும் தொலைபேசிச் செய்தி ஒன்றைக் கேட்கக் கொடுத்தார்கள். கேட்டபடி வடிவங்களுக்கு நிழல் தீட்டியவர்கள் மற்றவர்களைவிட 29 சதவீதம் கூடுதலாக நினைவில் வைத்திருந்தார்கள். ஆனால் பூவும் முகமுமாகப் படமே வரையத் தொடங்கினால் அது வேறு கதை, அங்கே பாடம் போய்விடும்.

நகம் கடிப்பதற்குப் பழைய வைத்தியம் வேப்பெண்ணெய். கசப்பு, கை வாய்க்குப் போய்விட்டது என்று நினைவூட்டும், அதுவரை நல்லது. ஆனால் நாங்கள் கையால் சாப்பிடுகிறவர்கள். கசந்த விரலோடு சோறும் மீன்குழம்பும் பிசைய எந்தப் பிள்ளைக்கு மனம் வரும்? சாப்பிட முன் தேய்த்துக் கழுவிவிடும், அதோடு வைத்தியமும் போய்விடும். இதற்கு எதிரே நான் வைப்பது, 1973இல் அஸ்ரின், நன் என்ற இரு உளவியலாளர்கள் எழுதிய பழக்க மாற்றுப் பயிற்சி. முதல் சில நாள் கடிப்பதை நிறுத்தவே முயலக் கூடாது, கவனிக்க மட்டும் வேண்டும். வினாத்தாள் வரும்வரை காத்திருக்கும்போதா, போன் பார்க்கும்போதா, பெருவிரல் முதலில் நகத்தின் விளிம்பைத் தடவுகிறதா? அந்தத் தடவல்தான் பிடிக்க வேண்டிய இடம். அது தொடங்கியதும் கையைப் பொத்திப் பிடித்து, அல்லது பேனையை இறுக்கிப் பிடித்து ஓரிரு நிமிடம் வைத்திருப்பது. கை பொத்தியிருக்கும்போது வாய்க்குப் போக முடியாது, பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாது. வீட்டில் ஒருவர் பார்த்து, செய்தபோது பாராட்ட வேண்டும், தவறியபோது மெதுவாக நினைவூட்ட வேண்டும். பாராட்டும் ஆள் இல்லாமல் இது பெரும்பாலும் நடுவில் விட்டுப்போகிறது. வேப்பெண்ணெயைவிட மெதுவானது, ஆனால் பரீட்சை மண்டபத்துக்குள்ளும் கூடவே வரும்.

காலுக்கு இவ்வளவு பாடு தேவையில்லை. சும்மா ஆடும் கால் உடம்புக்குக் கெடுதியும் அல்ல. 2016இல் அமெரிக்காவின் மிசூரியில் 11 பேரை மூன்று மணிநேரம் கதிரையில் இருத்தி, ஒரு காலை மட்டும் இடையிடையே ஆட்டச் சொன்னார்கள். அசையாத காலின் இரத்தக்குழாய்ச் செயற்பாடு குறைந்தது, ஆட்டிய காலில் குறையவில்லை. கொழும்பு பஸ்ஸில் முழங்கால் இடிக்க இருந்து போகிறவர்கள் தாராளமாக ஆட்டலாம். வாங்கில் மட்டும், குதிக்காலைத் தரையில் ஊன்றிச் சப்பாத்துக்குள் விரல்களை மடக்கி விரிக்கச் சொல்கிறேன். பிள்ளைகளோடு பார்த்ததில் அது மற்றவர்களை உலுக்குவதில்லை. வகுப்புக்கு நடுவே ஐந்து நிமிடம் எழுந்து நிற்க விடுவதும், மாலையில் டச்சு பே கரையிலோ கோட்டைக்குள்ளால் கோணேசர் கோயில் ஏற்றத்திலோ நடக்க விடுவதும் இதைவிடப் பலன் தரும்.

ஒன்றை மட்டும் பழக்கம் என்று தள்ளிவிடாதீர்கள். இரவில் படுத்ததும் காலுக்குள் ஏதோ ஊர்வதுபோல, அசைத்தால்தான் ஆறுவதுபோல இருந்தால் அது வேறு நோயாக இருக்கலாம். இரும்புச்சத்துக் குறைவும் அதற்கு ஒரு காரணம், ஆஸ்பத்திரியில் இரத்தப் பரிசோதனையில் தெரியும். புதிதாக ஒரு மருந்து தொடங்கிய பிறகு இருப்புக்கொள்ளாமல் தவிப்பு வந்தால் மருந்தை நீங்களாக நிறுத்தாமல், சீட்டை எழுதிய வைத்தியரிடமே தாமதிக்காமல் போய்ச் சொல்லுங்கள்.