பச்சைக் கோடும் ரிச்சி ஸ்ட்ரீட் மாடிக் கடையும்

மார்ச்சில் ஒரு காலை அலாரத்தை நிறுத்தப் போனை எடுத்தால், திரையில் மேலிருந்து கீழ்வரை மயிரிழைபோல ஒரு பச்சைக் கோடு. கீழே விழவில்லை, தண்ணீர் படவில்லை. முந்தின ராத்திரி அப்டேட் போட்டதோடு சரி. கம்பெனி சர்வீஸ் சென்டரில், வாரன்டி முடிந்து இரண்டு மாதம் ஆயிற்று என்று, திரை மாற்ற 13,900 ரூபாய்க்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். போன் வாங்கியதே 27,000. சீட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி, சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு நடந்தேன்.

கடைக்குப் பெயர்ப் பலகை கிடையாது. சிசிடிவி கேமரா விற்கிற கடையை ஒட்டி ஒரு செங்குத்துப் படி. மேலே நாலு பேர் நிற்கலாம், ஐந்தாவது ஆள் படியில்தான் நிற்க வேண்டும். ஏசி எல்லாம் கேட்கக் கூடாது.

"எது போடட்டும் மேடம்? இன்செல் 2,800. ஹார்டு ஓலெட் 4,900. சாஃப்ட் 6,500."

கேட்காமலே அந்தப் பையன் அடுத்ததைச் சொன்னான்: "உங்க போன்ல டிஸ்ப்ளேக்கு அடியிலதான் ஃபிங்கர்பிரின்ட். இன்செல் போட்டா அது போயிரும். அப்புறம் வந்து சண்டை போடாதீங்க." இந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவனிடம் கொடுக்கலாம். இதைச் சொல்லாமல் இன்செல்லை 'ஒரிஜினல்' என்று தலையில் கட்டுகிறவர்களும் அதே தெருவில் உண்டு. இன்செல் வெறும் எல்சிடி. பின்னால் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், கறுப்பு என்பது அதை மறைப்பதுதான். ஓலெட்டில் ஒவ்வொரு புள்ளியும் தானே எரிகிற கரிமப் பொருள். கறுப்பு வேண்டும் என்றால் அணைந்தே போகும். சந்தேகம் இருந்தால் முழுக் கறுப்புப் படம் ஒன்றைத் திறந்து, துப்பட்டாவைத் தலையோடு போர்த்திக்கொண்டு பாருங்கள். சாம்பல் வெளிச்சம் கசிந்தால் அது எல்சிடி. நான் கடையிலேயே போர்த்திப் பார்த்தேன். படியில் நின்றவர் சிரித்தார், பரவாயில்லை.

ஹார்டு, சாஃப்ட் என்றால் என்ன என்று அவனைக் கேட்டேன். "சாஃப்ட் வளையும், விழுந்தா தாங்கும்" என்றான். சரியான பதில். கல்லூரியில் வேதியியல் பாடம் எடுக்கிறவள் என்பதால் மீதியை நானே சேர்த்துக்கொள்கிறேன்: ஹார்டில் அடித்தளம் கண்ணாடி, சாஃப்டில் பாலிஇமைடு என்கிற பாலிமர். அவன் மேசைமேல் கிடந்த ஆரஞ்சு நிற ஹீட் டேப்பும் அதே குடும்பம்தான். 400 டிகிரிப் பக்கம் சூட்டைத் தாங்குகிற பிளாஸ்டிக் என்பதால்தான் அதன்மேல் டிரான்சிஸ்டர்களையே கட்ட முடிகிறது.

இதில் எனக்கு ஒரு பழைய ஏக்கமும் உண்டு. 1998-ல் எம்.ஃபில் செமினாருக்கு நான் எடுத்த தலைப்பு ஒளிரும் பாலிமர். கேம்பிரிட்ஜில் பரோஸ், பிராட்லி, ஃப்ரெண்ட் குழு பிபிவி என்ற பாலிமர் படலத்தில் மின்சாரம் செலுத்தி மஞ்சள் கலந்த பச்சை ஒளியைப் பார்த்து, 1990-ல் 'நேச்சர்' இதழில் எழுதியிருந்தார்கள். மைபோலக் கரைத்து இங்க்ஜெட்டில் அச்சடித்தே திரை செய்துவிடலாம் என்று நாங்கள் நம்பிய காலம். ஆனால் போன் திரையைப் பிடித்தது பாலிமர் இல்லை. கோடாக்கில் டாங்கும் வான் ஸ்லைக்கும் 1987-ல் காட்டிய சின்ன மூலக்கூறு வழிதான். வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படியவைப்பது. ஒளிர வேண்டிய பாலிமர், கடைசியில் அடியில் விரிக்கிற பாயாகத்தான் என் போனுக்குள் வந்து சேர்ந்திருக்கிறது.

பையனிடம் இதையெல்லாம் சொல்லவில்லை, வேலையில் இருந்தான். ஆனால் பழுது பார்க்கிற மைக்ரோஸ்கோப்பின் கீழே புது பேனலை எரியவிட்டுக் காட்டச் சொன்னேன், காட்டினான். பச்சைப் புள்ளிகள் பொடிப்பொடியாக, நெருக்கமாக. சிவப்பும் நீலமும் எண்ணிக்கையில் பாதி. நீலம் மட்டும் குண்டு. நீலம் தருகிற பொருள் சீக்கிரம் தேய்ந்துவிடும் என்பதால் இடத்தைப் பெரிதாக்கி, மின்னோட்டத்தின் அடர்த்தி குறையும்படி அமைக்கிறார்கள். வகுப்பில் இத்தனை வருஷம் பலகையில் வரைந்ததை அங்கேதான் கண்ணால் பார்த்தேன்.

சாஃப்டே போட்டேன். ஒட்டுவதற்கு முன், திரையைப் போனோடு இணைக்கிற ஸ்ட்ரிப்பை மட்டும் மாட்டி, டச், வெளிச்சம், ரேகை எல்லாம் என் கையாலேயே சோதிக்கவிட்டான். மொத்தம் ஒன்றேகால் மணி நேரம். அதில் ரப்பர் பேண்ட் போட்டுப் பசை காயவைத்ததே முக்கால் மணி.

மூன்று மாதம் ஆயிற்று. கோடு இல்லை, கறுப்பு கறுப்பாகவே இருக்கிறது. வெள்ளைப் பக்கம் மட்டும் பழையதைவிட லேசாக நீலம் பூத்தாற்போல, சொட்டு நீலம் கூடிப்போன வேட்டி மாதிரி. மெரினாவில் நடுப்பகலில் மேப் பார்க்கக் கண்ணைச் சுருக்க வேண்டியிருக்கிறது. முதல் வாரம் ரேகை அடம் பிடித்தது, அழித்துவிட்டுப் புதிதாகப் பதிந்ததும் சரியாயிற்று. தண்ணீர் உள்ளே போகாது என்ற பேச்சை மறந்துவிட வேண்டியதுதான்.

குறை என்றால் பில். துண்டுச் சீட்டில் தேதியும் தொகையும் மட்டும். 'டெஸ்டிங் வாரன்டி ஏழு நாள்' என்பதை வாயால் சொன்னான், எழுதச் சொன்னால் நெளிந்தான். வற்புறுத்தினேன், எழுதினான். நீங்களும் வற்புறுத்துங்கள். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், கடை கிடையாது. வண்டியில் போகவே போகாதீர்கள்.

பழைய பேனலைக் கொடுத்தால் 300 குறைப்பதாகச் சொன்னான். கொடுக்கவில்லை. கண்ணாடியை விட்டுப் பிரிந்து ஓரத்தில் சுருண்டுகொண்டு அது இப்போது ஸ்டாஃப் ரூம் டிராயரில் இருக்கிறது. போன வாரம் வகுப்பில் சுற்றுக்கு விட்டேன். கடைசி பெஞ்சு வரை போய்த் திரும்பி வர இருபது நிமிஷம் ஆயிற்று.