ஏ.டி.யா, எம்.டி.யா? கோலாலம்பூர் ஃபோர்வீலுக்கு எந்த டயர்

ஹைலக்ஸ், டிரைடன், ஜிம்னி என்று நான்கு சக்கரமும் இழுக்கும் ஃபோர்வீல் வண்டி எதை வாங்கினாலும் முதலில் மாற்றக் கை பரபரப்பது டயரைத்தான். கடையில் மூன்று வகை காட்டுவார்கள்: நெடுஞ்சாலைக்கு எச்.டி., எல்லாத் தரைக்கும் ஏ.டி., சேற்றுக்கு எம்.டி. "தார் ரோட்டுலதானே அதிகம் ஓடுறீங்க, ஏ.டி. போதும்" என்பது எல்லாரும் சொல்லும் யோசனை. அதில் பாதிதான் சரி. வெளிநாட்டு விமர்சனங்களில் ஏ.டி. பாராட்டு வாங்குவது பெரும்பாலும் காய்ந்த சரளை, பாறை, மணல் ஆகியவற்றில். நமக்கு வாய்ப்பது மழையில் ஊறிய செம்மண் களி.

எச்.டி.யை முதலில் முடித்துவிடலாம். குடும்பத்தோடு சுங்கை சோங்காக் ஆற்றுக்கோ ஜண்டா பாய்க்குக்கோ போய் வர அது தாராளம். காய்ந்த நாளில் தோட்டத்துச் சரளைப் பாதையும் தாங்கும். ஆனால் பக்கச் சுவர் மெல்லியது. செம்பனைத் தோட்டத்தில் வெட்டிப் போட்ட மட்டையின் முள் ஏறினால் அங்கேயே உட்கார வேண்டியதுதான். காட்டுப் பாதைக்குப் போகிற எண்ணம் இருந்தால் எச்.டி.யை மறந்துவிடுங்கள்.

உண்மையான போட்டி ஏ.டி.க்கும் எம்.டி.க்கும்தான். ஏ.டி.யின் ரப்பர் கட்டிகள் நெருக்கமாக இருக்கும், இடையில் உள்ள காடிகள், அதாவது பள்ளங்கள், குறுகல். நம் களிமண்ணில் சக்கரம் சில சுற்றுச் சுற்றுவதற்குள் காடி அடைத்துக்கொள்கிறது. அப்புறம் நீங்கள் ஓட்டுவது வழுக்கை டயர். சமதளத்தில் சமாளிக்கலாம். ஈரமான செம்மண் ஏற்றத்தில் பாதி வழியில் நின்று பக்கவாட்டில் சரியத் தொடங்கினால், ஃபோர்வீல் போட்டிருந்தும் பயனில்லை, நான்கு சக்கரமும் சேர்ந்தே வழுக்கும்.

எம்.டி.யில் காடி அகலம், ஆழம். சக்கரம் வேகமாகச் சுற்றும்போது சேற்றை வெளியே வீசி, அடுத்த சுற்றுக்குத் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும். ஆக, எம்.டி. போட்டுவிட்டு அரை மனதோடு ஆக்சிலரேட்டரைத் தொட்டால் அதன் பலன் முழுதாகக் கிடைக்காது. தோள்பட்டைக் கட்டிகள் பக்கச் சுவர் வரை இறங்கியிருப்பதால் லோரி போன தடத்தின் ஓரச் சுவரையும் கடித்துப் பிடிக்கும்.

இதற்கும் மேலே ஒரு சாதி உண்டு. 1997 முதல் நடக்கும் ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் என்ற காட்டுப் பாதை ஃபோர்வீல் போட்டியை வேண்டுமென்றே மழைக்காலத்தில் வைப்பார்கள். அந்த மாதிரிப் போட்டிக்காரர்கள் விரும்பும் சில்வர்ஸ்டோன் எம்.டி. 117, தைப்பிங் பக்கம் கமுந்திங்கில் பிறந்த பெயர். 2010-இல் அந்த நிறுவனத்தை ஜப்பானின் டோயோ வாங்கியது. நம் ஊர்ச் சேற்றை நம் ஊர் டயர் வென்றது எனக்குப் பெருமைதான். ஆனால் அதைப் போட்டுக்கொண்டு தினமும் வேலைக்குப் போகிறவரை நான் தடுப்பேன்.

ஏனென்றால் காட்டுக்குப் போகும் வழியெல்லாம் தார். மாலை நான்கு மணி மழையில் செராஸ் பக்கம் நெரிசலில் ஓட்டிப் பாருங்கள். எம்.டி.யில் தரையைத் தொடும் ரப்பர் குறைவு, கட்டிகளில் உள்ள மெல்லிய கீறல்களும் குறைவு. பிரேக் பிடித்தால் நிற்கும் தூரம் கூடும். பின்னால் பாரமில்லாத பிக்கப் என்றால் மேம்பால வளைவில் வால் விலகப் பார்க்கும். கூடவே காராக் நெடுஞ்சாலையில் காதடைக்கும் இரைச்சல், கூடுதல் எடை, கூடுதல் எண்ணெய். 2024 ஜூனில் டீசல் லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35-க்குத் தாவிய பிறகு இந்தக் கடைசிக் குறையைச் சிறியது என்று யாரும் சொல்வதில்லை.

ஏ.டி., எம்.டி. இரண்டுக்கும் நடுவே ஆர்.டி. (கரடுமுரடான தரைக்கு) என்று ஒன்று வந்திருக்கிறது. சேற்றில் ஏ.டி.யை விடக் கொஞ்சம் மேல், ஈரத் தாரில் கொஞ்சம் கீழ். பார்க்கக் கம்பீரம். அந்தக் கம்பீரத்துக்குத்தான் பாதிப் பேர் காசு கொடுக்கிறார்கள் என்பது என் சந்தேகம்.

என் ஓட்டு பெரும்பாலோருக்கு ஏ.டி.தான், ஒரு நிபந்தனையோடு: மழை பெய்த மறுநாள் உலு யாம், கோலா குபு பாரு பக்கத்துக் களிமண் ஏற்றங்களுக்குத் தனியாகப் போகக் கூடாது. மாட்டிய வண்டியை வடம் கட்டி இழுக்கும் வின்ச் வைத்த வண்டி ஒன்று கூட வரட்டும். மழையோ வெயிலோ, மரம் இழுக்கும் பாதைக்கு அடிக்கடி போகிறவர் எம்.டி. வாங்கட்டும். முடிந்தால் தனி ரிம்மில் இன்னொரு செட்டாக.

வகையைத் தீர்மானித்தாலும் வேலை முடியவில்லை, அளவு இருக்கிறது. முதல் எண் டயரின் அகலம் மி.மீ.-இல், அடுத்தது பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது, கடைசி எண் ரிம்மின் அங்குலம். 265/65ஆர்17, 265/70ஆர்16, 265/60ஆர்18 மூன்றுக்கும் வெளி விட்டம் ஏறக்குறைய ஒன்றே, சுமார் 776 மி.மீ. ஆனால் பக்கச் சுவரின் உயரம் 16 அங்குல ரிம்மில் 185 மி.மீ., 18-இல் 159. காற்றைக் குறைத்து ஓட்ட உயரமான சுவர்தான் உதவும், பெரிய ரிம் அழகுக்குத்தான். 265/65ஆர்17-இலிருந்து 265/70ஆர்17-க்குத் தாவினால் விட்டம் 3 சதவீதத்துக்கு மேல் கூடும். முன்பு சரியாகக் காட்டிய வேக மீட்டர் 110 காட்டும்போது வண்டியின் உண்மை வேகம் 114-ஐ நெருங்கியிருக்கும். கேமராவுக்கு அது புரியாது.

காற்று: சேற்றில் 18 முதல் 20 பி.எஸ்.ஐ. வரை இறக்கினால் சாதாரண ஏ.டி.கூட முன்பைவிட நன்றாகப் பிடிக்கும். 15-க்குக் கீழே போனால் திருப்பத்தில் ரிம்மை விட்டுக் கழலலாம். தார் ஏறுவதற்கு முன் மறுபடி நிரப்ப ஒரு சிறிய கம்ப்ரசர் வேண்டும். புது டயருக்குப் பணம் கொடுக்கும் முன் பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள்: 3524 என்றால் 2024-இன் 35-ஆவது வாரம் செய்தது. எம்.டி. சீரில்லாமல் தேயும் என்பதால் 5,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை இடம் மாற்றிப் போடச் சொல்லுங்கள்.

வாங்கும்போது நான்கோடு நிறுத்தாமல் ஐந்தாக வாங்குங்கள். பெரும்பாலான பிக்கப்களில் ஃபோர்வீலைப் போட்டதும் முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் பூட்டப்படுகின்றன. வேறு அளவிலான ஸ்பேர் மாட்டிக்கொண்டு பிடிப்புள்ள தரையில் அப்படி ஓட்டினால் கியர் பெட்டிதான் அடி வாங்கும்.