போன் லாக் பேட்டர்ன் மறந்துட்டீங்களா? போனை கடைல குடுக்கறதுக்கு முன்னாடி இத படிங்க

கும்பகோணத்துல ஒரு செல்போன் கடைல நான் ஏமாந்தது. கடை பேரு சொல்லல, சொல்லி பிரயோஜனமும் இல்ல, இதே வேலைய பண்றவங்க வேற எடத்துலயும் இருப்பாங்க.

அப்பா போன்ல பேட்டர்ன் மறந்துட்டாரு. குறுவை அறுத்து நெல்ல டிபிசில, அதான் அரசாங்க நெல் கொள்முதல் நிலையத்துல, போட்டு பணம் ஏறுற நேரம், பேங்க் மெசேஜ் வந்துச்சா வந்துச்சான்னு நிமிஷத்துக்கு ஒரு தடவ கேக்குறாரு. தூக்கிட்டு ஓடினேன். கடைப் பையன் "அறநூறு ஆகும்ணே, டேட்டா ஒண்ணும் போவாது"ன்னான். டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள முடிச்சிட்டான். உள்ள பாத்தா சுத்தமா தொடச்சு வச்சிருக்கு. அப்பாயி கடைசியா வயலுக்கு வந்தப்ப எடுத்த போட்டோ, எல்லாம் போச்சு. "லாக் எடுத்தா சில சமயம் அப்டிதாண்ணே"ங்கறான்.

இன்னொண்ணு அன்னிக்கே கண்ணுல பட்டுச்சு, நாந்தான் விட்டுட்டேன். போன ஆன் பண்ணினா லோகோவுக்கு முன்னாடி கறுப்பு ஸ்கிரீன்ல ஆரஞ்சு கலர்ல ஏதோ இங்கிலீஷ் எழுத்து, அஞ்சு செகண்டு நின்னு போவுது. "இது என்ன தம்பி"ன்னா "கம்பெனி மெசேஜ்ணே, கண்டுக்காதீங்க".

வீட்டுக்கு வந்தா பேங்க் ஆப் தொறக்கவே மாட்டேங்குது, இந்த போன் பாதுகாப்பா இல்லன்னு சொல்லி மூடிக்குது. ரெண்டு நாள்ல போன் சும்மா கெடக்கும்போதே விளம்பரம் வர ஆரம்பிச்சிது, ராத்திரி யாரும் தொடாமயே ஏதோ நம்பருக்கு எஸ்எம்எஸ் போயிருக்கு. மூணு தடவ ஃபேக்டரி ரீசெட் போட்டேன், மூணு தடவையும் அந்த எழவு திரும்ப வந்துச்சு.

சென்னைல எம்பெடட் வேல, அதாவது சிப்புக்குள்ள ஓடுற சாஃப்ட்வேர் எழுதுற வேல, பாக்குற அத்தை பையனுக்கு போன் பண்ணேன். அந்த ஆரஞ்சு எழுத்த போட்டோ எடுத்து அனுப்ப சொன்னான், பாத்துட்டு "மச்சான், மொதல்ல சிம்ம கழட்டு"ன்னான். அப்புறம்தான் வெளக்கினான். போன ஆன் பண்ணதும் மொதல்ல ஓடுற கோடு சிப்புக்குள்ளயே பொறிச்சு வச்சதாம், பூட் ரோம்னு பேரு, அத யாராலயும் மாத்தி எழுத முடியாது. அது அடுத்து வர்ற பூட்லோடரோட, அதாவது ஆண்ட்ராய்ட கெளப்பி விடுற சின்ன ப்ரோக்ராமோட, டிஜிட்டல் கையெழுத்த கம்பெனி சாவியோட ஒத்துப் பாக்கும், சாவியோட அடையாளம் சிப்புல திரும்ப மாத்த முடியாதபடி ஃப்யூஸா எரிச்சு வச்சிருக்கும். சரியா இருந்தா பூட்லோடர் உள்ள வரும், வந்து அது ஆண்ட்ராய்டோட அடிப்படையான கெர்னல பாக்கும், அப்புறம் சிஸ்டம், இப்டி ஒவ்வொண்ணும் அடுத்தத சோதிச்சுதான் விடும். ஆண்ட்ராய்டு 4.4லயே இது ஆரம்பிச்சிது, 2016ல வந்த 7.0லேருந்துதான் கண்டிப்பு. பூட்லோடர அன்லாக் பண்ணிட்டா இந்த சோதனைக்கு அர்த்தமே இல்ல, எவன் சாஃப்ட்வேர போட்டாலும் ஓடும். அததான் ஆரஞ்சு எழுத்துல போனே தெனமும் கத்திக்கிட்டு இருந்திருக்கு.

பாஸ்வேர்டே இல்லாம அந்த கடைப் பய எப்டி உள்ள போனான்னு கேட்டேன். சில மீடியாடெக் சிப்புல அந்த பூட் ரோம்லயே ஓட்ட இருக்காம், பொறிச்சதுங்கறதால அப்டேட்ல அடைக்கவும் முடியாது. கேபிள சொருகி கம்ப்யூட்டர்ல ஒரு டூல ஓட்டுனா போதும். நெட்லேருந்து எடுத்த எதையோ ஏத்தியிருக்கான், அதுல என்ன ஒளிஞ்சிருக்குன்னு அவனுக்கே தெரிஞ்சிருக்காது. ஏன், ஃபேக்டரிலேருந்து வர்ற சில போன்லயே சிஸ்டத்துக்குள்ள ட்ரையடான்னு ஒரு மால்வேர், வைரஸ் மாதிரி திருட்டு சாஃப்ட்வேர், ஏறியிருந்தத 2019ல கூகுளே எழுதியிருக்கு. ரீசெட் பண்ணா நம்ம டேட்டா மட்டும்தான் அழியும், சிஸ்டம் அப்டியேதான் இருக்கும். இத அப்பாகிட்ட சொன்னேன், "தலமதகுல கோளாறுன்னா வாய்க்கால வெட்டி என்னடா பண்றது"ன்னாரு, நான் கால் மணி நேரமா சொன்னத ஒரே வரில முடிச்சிட்டாரு.

திரும்ப கடைக்கு போனேன். "அவ்ளோதானண்ணே, பூட்லோடர திரும்ப லாக் பண்ணிட்டா அந்த மெசேஜ் வராது"ன்னு நான் வேணாங்கறதுக்குள்ள லாக் பண்ணிட்டான். போன் செத்துப்போச்சு. செவப்பு எழுத்து, சாஃப்ட்வேர் கெட்டுப்போச்சு, ஆன் ஆகாதுன்னு. பூட்டு திரும்ப வந்ததும் கையெழுத்த கேட்டிருக்கு, இவன் ஏத்துனதுல ஏது கையெழுத்து? கம்பெனி சாஃப்ட்வேர ஏத்திட்டுதான் லாக் பண்ணணும்கறதே அவனுக்கு தெரியல, இவன்கிட்டதான் போன குடுத்திருக்கேன்.

கடைசில தஞ்சாவூர்ல கம்பெனி சர்வீஸ் சென்டர். பில்ல கேட்டாங்க, பெட்டில இருக்கற ஐஎம்இஐய, அதான் போனோட அடையாள நம்பர, ஒத்துப் பாத்தாங்க, ஒரிஜினல் சாஃப்ட்வேர ஏத்தி பூட்லோடர பூட்டி குடுத்தாங்க, 350 ரூபா. மொதல்லயே இங்க வந்திருக்கலாம், பஸ்சுல ஒரு மணி நேரம் போறதுக்கு சோம்பேறித்தனம் எனக்கு. டேட்டா அங்கயும் அழியத்தான் செய்யும், ஆனா அத முன்னாடியே சொல்லி கையெழுத்து வாங்கிக்கறாங்க.

செகண்ட் ஹேண்டு வாங்குறவங்களும் கடைக்காரன் முன்னாடியே போன ஒரு தடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணி பாருங்க, ஆரஞ்சு எழுத்து வந்தா அப்டியே வச்சிட்டு வந்துடுங்க. ப்ளே ஸ்டோர் செட்டிங்ஸ்ல அபவுட்டுக்குள்ள ப்ளே ப்ரொடெக்ட் சர்டிஃபைடுன்னு, அதாவது கூகுள் சரிபாத்த போன்னு, வருதான்னும் பாருங்க, ஆனா இத ஏமாத்தவும் வழி இருக்காம், இத மட்டும் நம்பாதீங்க. ஏற்கனவே பணம் போயிருந்தா லேட் பண்ணாம சைபர் கிரைம் ஹெல்ப்லைன் 1930க்கு அடிங்க.

எங்களுக்கு பேங்க்ல பணம் எதுவும் போவல, பேங்க் ஆப் அன்னிக்கே தொறக்க மாட்டேன்னதுதான் காப்பாத்துச்சு. அறநூற திருப்பி கேக்க போனேன், தரல. டெம்பர் கிளாஸ் ஒண்ணு ஃப்ரீயா ஒட்டித் தரேண்ணேன்னான்.