31 கிலோ குறைச்சாச்சு, இனி என்ன பண்றது? நான் யோசிச்ச நாலு வழி

108-ல இருந்து 77-க்கு வர பதினாலு மாசம் ஆச்சு. 31 கிலோன்னா 25 கிலோ அரிசி மூட்டை ஒண்ணு, அதுக்கு மேல ஆறு கிலோ, அத்தனையும் இடுப்புல கட்டிக்கிட்டுதான் இத்தன வருசம் திரிஞ்சிருக்கேன். குறைக்கிறதுக்கு வழி சொல்ல ஊரே இருக்கு, குறைச்சவன் அடுத்து என்ன பண்ணணும்னு கேட்டா ஒருத்தரும் வாயத் தொறக்கறதில்ல. சொந்தக்காரங்க மட்டும் தொறப்பாங்க, "ஏங்கண்ணு, சுகரு கிகரு வந்துருச்சா"ன்னு.

என் முன்னாடி இருந்தது நாலு வழி. இன்னும் ஒரு எட்டு ஒம்பது கிலோ குறைக்கிறது, இதே எடைய பிடிச்சு வெச்சுக்கிறது, ஜிம்முல வெயிட் தூக்க ஆரம்பிக்கிறது, தொங்குற வயித்துத் தோலுக்கு ஆபரேஷன். நான் மூணாவதுல போயிட்டேன், ஏழு மாசம் ஆச்சு, அதனால இது நடுநிலையான அலசல்னு நெனச்சு படிக்காதீங்க.

முதல்ல இன்னும் குறைக்கிறது. என் உயரம் 173 சென்டிமீட்டர், உயரத்துக்கு எடை சரியான்னு பார்க்கற பிஎம்ஐ கணக்குல 77 கிலோவுக்கு 25.7 வருது, நம்ம ஆளுங்களுக்கு 23-க்கு கீழ இருக்கணும்ங்கறாங்க, அதுக்கு 68 கிலோவுக்கு வரணும். சரி பார்த்துருவோம்னு சோத்த இன்னும் குறைச்சேன். ரெண்டு மாசம். முடி கொத்து கொத்தா வந்துச்சு, சாயங்காலம் ஆனா யார் பேசினாலும் எரிச்சல், குறைஞ்சது ஒன்றரை கிலோ.

அப்பதான் அந்த வாட்டர் கேன் விஷயம் நடந்துச்சு. 20 லிட்டர் கேன், 108 கிலோ இருந்தப்ப ஒரே தம்முல தூக்கி டிஸ்பென்சர் மேல கவுத்துடுவேன். அன்னிக்கு இடுப்பு வரைக்கும் வந்துச்சு, அதுக்கு மேல கை ஏறல, நழுவி தரையெல்லாம் தண்ணி, அம்மா மாப் எடுத்துட்டு வந்து "இதுக்குத்தான் எளச்சியா"ன்னு கேட்டாங்க. கோவம் வந்துச்சு, ஆனா கேட்டது நியாயம்தான். சோத்த மட்டும் குறைச்சு இளைச்சா போறதுல ஏறக்குறைய கால் பங்கு கொழுப்பே இல்ல, தசையும் சேர்ந்துதான் போகும், நான் பதினாலு மாசமும் நடந்ததத் தவிர ஒரு கல்லக்கூட தூக்கல.

ரெண்டாவது, இருக்கறத அப்படியே பிடிச்சு வெச்சுக்கிறது. கேட்க சுலபமா இருக்கும், எனக்கும் ஆசைதான், காலைல ரேஸ்கோர்ஸ்ல ரெண்டு ரவுண்டு நடந்துட்டு வீட்டுக்கு வந்து ரெண்டு தோசை. என் மச்சான் இதத்தான் பண்ணாரு, ரெண்டு வருசத்துல 12 கிலோ திரும்ப வந்துருச்சு. அவரக் குத்தம் சொல்ல மாட்டேன், இளைச்ச உடம்பு பசிய ஏத்தி விட்டுட்டு எரிக்கிற கலோரிய இறக்கிடும். அமெரிக்காவுல 'தி பிக்கஸ்ட் லூசர்' டிவி போட்டியில இளைச்ச 14 பேர ஆறு வருசம் கழிச்சு பார்த்திருக்காங்க, 2016-ல வந்த ஆய்வு அது, அவங்க உடம்பு கணக்குப்படி எரிக்க வேண்டியத விட நாளைக்கு சுமார் 500 கலோரி கம்மியா எரிச்சிட்டு இருந்துச்சாம். மூணு நாலு தோசைக்கு சமம். அவங்க இளைச்ச வேகம் வேற, அந்த 500-ஐ அப்படியே நமக்குப் போட முடியாது, ஆனா திசை இதான்.

நான் எல்லாத்தையும் அளந்தது ஒரே ஒரு கேள்வியிலதான், ஒரு வாரம் விட்டுப்போச்சுன்னா என்ன ஆகும்? விட்டுப்போகும்ங்க, கண்டிப்பா போகும், கல்யாணம் வரும், காய்ச்சல் வரும், ஆடிட் வரும். இன்னும் குறைக்கிற வழியில ஒரு வாரம் விட்டா மனசு ஒடிஞ்சிரும், மூணு வாரப் பட்டினி போச்சேன்னு அடுத்த வாரமும் சேர்த்து விட்டுருவோம். சும்மா பிடிச்சு வெச்சுக்கிற வழியில விட்டதே தெரியாது, பேன்ட்டு சொல்லும்போது லேட்டாயிருக்கும். எடை குறைய ஊசி போட்டுக்கலாம்னு சொல்றவங்களுக்கும் இதே கேள்விதான், செமாக்ளூடைட்ங்கற அந்த ஊசி மருந்து ஆய்வுல, மருந்த நிறுத்தி ஒரு வருசத்துக்குள்ள குறைஞ்சதுல மூணுல ரெண்டு பங்கு திரும்பி வந்துச்சு. நான் போட்டதில்ல, அதோட நிறுத்திக்கிறேன்.

வெயிட் தூக்குறதுல மட்டும் விட்ட வாரம் பெருசா அடிக்கல. உடுமலையில மாமா பொண்ணு கல்யாணம், அஞ்சு நாள் பந்திப் பந்தியா சாப்பிட்டேன், வந்து ஏறி நின்னா 2.4 கிலோ கூட. முன்னாடின்னா அன்னிக்கே பட்டினி கெடந்திருப்பேன். இப்ப தெரியும், அதுல பாதிக்கு மேல உப்பும் தண்ணியும்தான், பத்து நாள்ல தானா இறங்குச்சு, ஜிம்முல அதே வெயிட்ட அதே மாதிரி தூக்கினேன். ரெண்டு வாரம் நிறுத்தினாலும் பலம் அவ்வளவா இறங்கறதில்ல, மூச்சுதான் கொஞ்சம் வாங்கும்.

செலவு உண்டு, இல்லைன்னு சொல்லல. ஜிம்முக்கு மாசம் 1200. சாப்பாடுதான் தலவலி, கிலோவுக்கு 1.2-ல இருந்து 1.6 கிராம் புரோட்டீன்னு கணக்கு, எனக்கு 100 கிராம் பக்கம் வேணும், ஒரு இட்லியில ரெண்டு கிராம்தான் இருக்கு, அப்ப நம்ம காலை டிபன் எங்க போய் நிக்கும்னு பார்த்துக்கங்க. நாலு முட்டை, மதியம் சிக்கன், சாயங்காலம் கொண்டைக்கடலை சுண்டல், சைவ நாள்ல 50 கிராம் சோயா உருண்டை, இப்படித்தான் ஓடுது. கிட்னி பிரச்சனை இருக்கறவங்க டாக்டர கேக்காம இந்தக் கணக்கத் தொடாதீங்க.

இன்னொரு எடக்கு, தசை கூடறதால மெஷின்ல எடை ஏறும். நான் இப்ப 79. வயித்துச் சுத்தளவு 36-ல இருந்து 35 இன்ச் ஆயிருக்கு. முதல் மாசம் இது புரியாம மெஷின கட்டிலுக்கு அடியில தள்ளி விட்டுட்டேன். நாப்பத்தஞ்சு வயசுக்கு மேலயோ முட்டி தேஞ்சவங்களுக்கோ இது எப்படி ஒத்துவரும்னு நான் சொன்னா அது பொய், எனக்கு 36.

ஆபரேஷனப் பத்தி எனக்கு கேள்வி ஞானம்தான். பார்த்த டாக்டர் ஒரே விஷயம் சொன்னாரு, எடை ஆறு மாசமாவது அசையாம நிக்கணும், அப்புறம் வாங்க, இடுப்புக்கு இடுப்பு தழும்பு இருக்கும், அழகுக்குப் பண்றதுன்னு இன்சூரன்ஸ் பொதுவா தராது. தசை வந்தா தோல் இறுகிடும்னு ஜிம்முல சொல்றத நம்பாதீங்க, கையில கொஞ்சம் நிறைஞ்சிருக்கு, வயித்துல அப்படியேதான் தொங்குது, சட்டைய உள்ள விட்டா இன்னும் மடிப்பு தெரியுது. அடுத்த தீபாவளி வரைக்கும் இதே எடை நின்னா யோசிக்கலாம்னு மாசம் 5000 ஆர்டி போட்டுட்டு வர்றேன், வேண்டாம்னு முடிவாச்சுன்னா அந்தக் காசுல வண்டி மாத்திக்கலாம். கேன இப்ப நான்தான் தூக்கி வெக்கிறேன், அம்மா இன்னும் மாப்ப கையில வெச்சிட்டுத்தான் நிப்பாங்க.